ஏரிக்கரை ஷாட்

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நான் செய்யக் கிளம்பிய காரியத்தைப் பற்றி அக்காவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. யாரையும் கேட்டுச் செய்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். உட்கார்ந்து யோசி என்றால் எனக்கு உட்காரவும் வராது, யோசிக்கவும் வராது. எழுந்து போய் எதையாவது செய்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறும். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, முட்டி வலிக்கிறது, ஒரு வழியாக உட்கார வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது, செம்பாக்கம் ஏரியை ஒட்டி இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் சினிமா எடுக்கக் கேட்டு வந்தார்கள். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, பத்தொன்பது வயசு அக்கா, நான், மூன்று பேர்தான். அம்மாவுக்குச் சினிமாக்காரர்கள் என்றாலே ஆகாது. அப்படிப்பட்டவள் எப்படிச் சம்மதித்தாள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வந்த டைரக்டர் வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்ததுதான் காரணம் என்று அக்கா சொல்வாள். அவர் அப்போதே பெரிய டைரக்டர். செட் போடாமல் நிஜ வீட்டில்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றடி அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பத்து நாள் வீடு வீடாக இல்லை. கொல்லைப்புறமெல்லாம் ஒயர், அடுப்படி வாசலில் லைட்டு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டமாக ஓடிவந்து ஸ்டில் போட்டோ எடுக்கிறவர் பக்கத்தில் நின்றுகொள்வேன். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் அவர் ஒரு படம் எடுத்துக்கொள்வார். நடிகை எந்தப் புடவை, எந்த வளையல், பொட்டு எவ்வளவு பெரிசு, முந்தானை எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். ஒரு மாசம் கழித்து அதே காட்சியின் மிச்சத்தை எடுக்கும்போது பார்த்துக்கொள்வதற்கு. கன்டினியூட்டி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். டைரக்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஷாட் நன்றாக வந்தால் 'ஓகே' என்று கத்த மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டுவார். உள்ளே பெப்பர்மின்ட் இருக்கும். பெரிய பெரிய நடிகர்களெல்லாம் அந்த ஒரு பெப்பர்மின்டுக்காகக் காத்திருப்பார்கள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கதாநாயகி வேறு படப்பிடிப்புக்கு நேரமாகிவிட்டது என்று காரேறிப் போய்விட்டாள். ஒரு ஷாட் பாக்கி. இடுப்பில் குடத்தோடு ஏரிக்கரை மேல் நடந்து போக வேண்டும், சூரியன் எதிரே இறங்க வேண்டும், காமிரா பின்னாலிருந்து பார்க்கும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. உதவி டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். டைரக்டர் மட்டும் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். உயரம் ஒத்துப்போயிற்று. பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது.

"முகம் தெரியாதே?" என்று அம்மா கேட்டாள்.

"முதுகுதாம்மா" என்றார்.

அம்மா அதையே மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அவர் பொறுமையாக அதையே சொன்னார். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் சினிமாவில் தலை காட்டினாள் என்று ஊரில் ஒரு பேச்சு வந்தால் அப்புறம் வரன் வருமா என்பதுதான் அம்மாவின் பயம். தலை காட்டவில்லை, முதுகு மட்டும்தானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு சரி என்றாள்.

அக்கா கதாநாயகியின் புடவையைக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஒரே டேக். நடந்து முடிக்கிற நேரத்தில் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று பின்னால் வந்து முந்தானையைக் கவ்வி இழுத்தது. காமிரா நின்றுவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். என் பக்கத்தில் நின்றிருந்த ஸ்டில் போட்டோக்காரர் வழக்கம்போல ஒரு படம் எடுத்தார். டைரக்டர் கரை மேல் ஏறிப் போய் டப்பாவை நீட்டினார். அக்கா ஒன்று எடுத்து, வாயில் போடாமல், உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

நான் நேரே அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அக்கா மூஞ்சி போட்டோல விழுந்திடுச்சு."

கோள் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அன்று எங்கள் இரண்டு பேரையும் சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, குன்றத்தூர் முருகன் மேல் சத்தியம் வாங்கினாள். இந்த வீட்டில் நடந்தது இந்த மூன்று பேரோடு போக வேண்டும், யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. நான் அழுத்திச் சொன்னேன். அக்கா முணுமுணுத்தாள்.

படம் வந்தது, ஓடு ஓடென்று ஓடியது. அதில் எல்லாரும் பேசியது அந்த ஏரிக்கரை ஷாட்டைத்தான். போஸ்டரில் போட்டார்கள், காலண்டரில் போட்டார்கள். தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு நீளச் சுவரில் அக்காவின் முதுகு ஒரு மாசம் நின்றது. அம்மா அந்தப் பக்கம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள். அக்காவின் நடை மட்டும் அந்தச் சுவர்கிட்ட வந்ததும் மெதுவாகும். யாராவது பார்த்துவிடுவார்களே என்று அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவேன். "மெதுவாடி" என்பாள். நான் விட மாட்டேன்.

இரண்டு வருஷத்தில் ஊரப்பாக்கத்திலிருந்து வரன் வந்தது. அத்தான் கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். குறை சொல்ல முடியாத மனுஷர். அவருடைய அப்பாதான் கொஞ்சம் கெடுபிடி. பெண் பார்க்க வந்த அன்று காபியை வாயில் வைக்கும் முன்னாலேயே, "பொண்ணு சினிமா கினிமா பாக்குமா?" என்று கேட்டார். "எங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாதுங்க" என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனால் எனக்குத்தான் நிம்மதி இல்லை. ஊரப்பாக்கம் போகும்போதெல்லாம் அக்காவின் மாமனார், அந்தப் பெரியவர் முகத்தைப் பார்ப்பேன், ஏதாவது தெரிந்துவிட்டதா என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போயிருந்தபோது, டீவியில் அந்தப் படம் போட்டார்கள். சினிமா வாசனையே ஆகாத பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தானும் உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரை வருகிற நேரம் நெருங்க நெருங்க எனக்கு இருப்பு கொள்ளவில்லை. அடுக்களையிலிருந்து அக்கா ஈரக் கையோடு வந்து, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். பயந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி எழுந்து, ஸ்டெபிலைசர் ஒயரில் காலை விட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். டீவி அணைந்தது. "அய்யோ, பாக்கலையே" என்று பதறுகிற மாதிரி நடித்தேன். பிளக்கைத் தேடிச் சொருகி, படம் திரும்ப வருவதற்குள் ஏரிக்கரை முடிந்து ஆஸ்பத்திரி காட்சி வந்துவிட்டது.

"பரவால்ல விடு" என்றார் பெரியவர். எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். காப்பாற்றினதுக்கு நன்றி சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்று தாம்பரம் வரைக்கும் டிரெயினில் எனக்கு ஒரே பெருமை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அம்மா போய்விட்டாள். கடைசி வாரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அந்த விஷயம்..." என்று இழுத்தாள். "நான் இருக்கேம்மா, பாத்துக்கறேன்" என்றேன். அதற்கப்புறம் அந்தச் சத்தியத்தைச் சுமக்க மிச்சமிருந்தது நான் ஒருத்திதான் என்று எண்ணிக்கொண்டேன். அக்காவையும் சேர்த்து எண்ண எனக்குத் தோன்றவே இல்லை. அவள் காப்பாற்றப்பட வேண்டியவள், நான் காப்பாற்றுகிறவள்.

படம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆனபின், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு புதன்கிழமை அத்தான் டிவிஎஸ் ஐம்பதில் செம்பாக்கம் வீட்டுக்கு வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அந்த டைரக்டரப் பத்தி சேத்துப்பட்டுல ஒரு மியூசியத்துல கண்காட்சி வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழம எல்லாரும் போறோம். அப்பாவும் வராரு. நீயும் வரணும். அக்கா உன்னக் கண்டிப்பாக் கூட்டிகிட்டு வரச் சொன்னா."

"எதுக்கு அத்தான் திடீர்னு?"

"எங்க ஸ்கூல் டிராயிங் மாஸ்டர் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாரு. ஏரிக்கரை ஷாட்டு பெரிசா வச்சிருக்காங்களாம். அது எடுத்தப்ப எடுத்த போட்டோவெல்லாம்கூட இருக்காம்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அதை நான் வேறு விதமாகப் படித்தேன். விஷயம் தெரியாத மனுஷன் தானாகப் போய்க் குழியில் விழப் பார்க்கிறார் என்று படித்தேன். அக்கா 'கண்டிப்பா' என்று சொல்லியனுப்பியது, வந்து எப்படியாவது காப்பாற்று என்பதுதான் என்று படித்தேன்.

புதன், வியாழன், வெள்ளி எப்படிப் போயிற்று என்று எனக்கே தெரியாது. கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரே கடிதத்தை நாலு தடவை அடித்தேன், நாலு தடவையும் கிழித்துப் போட்டேன். மானேஜர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வீட்டில் குழம்பு வைத்தால் உப்புப் போட மறந்தேன். படுத்தால், போஸ்டர் ஒட்டிய அந்தத் தாம்பரம் சுவரில் அக்காவின் முதுகு மெல்லத் திரும்புகிற மாதிரி இருக்கும், எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். கிண்டியிலிருந்து சேத்துப்பட்டுக்கு டிக்கெட் எடுத்தேன். உட்கார இடம் இருந்தும் வழி பூராவும் கதவோரம் நின்றுகொண்டே போனேன். மியூசியம் என்பது மரங்களுக்குள் ஒரு பழைய பங்களா. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுக்க அக்காவின் முதுகு. தரையிலிருந்து கூரை வரைக்கும். பின்னலின் நுனியில் கட்டியிருந்த கறுப்பு ரிப்பன் என் உள்ளங்கை அளவு இருந்தது. அது என்னுடைய பள்ளிக்கூட ரிப்பன்.

முதல் அறையில் போஸ்டர்கள். இரண்டாவது அறையில் டைரக்டரின் சாமான்கள்: அவர் உட்கார்ந்த மடக்கு நாற்காலி, அதன் முதுகில் போட்டிருந்த டர்க்கி டவல், கண்ணில் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர், கட்டுக் கட்டாக நோட்டுப் புத்தகம், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பெப்பர்மின்ட் டப்பா. ஜனங்கள் நின்று நின்று பார்த்தார்கள். நான் எதிலும் நிற்கவில்லை. மூன்றாவது அறைதான் ஸ்டில் போட்டோக்கள். சுவரில் வரிசையாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே டைப் அடித்த ஒரு சின்னக் கார்டு.

ஜன்னல் பக்கம் இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மூக்கு தெரிகிறதா? தெரிகிறது. மோவாய் மச்சம்? தெரிகிறது. இடது காதில் அம்மா போட்ட கம்மல்? அதுவும் தெரிகிறது. யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். கீழே கார்டில், 'ஏரிக்கரை ஷாட் முடிந்த பின். இந்தப் பெண்ணின் பெயர் தெரியவில்லை' என்று இருந்தது.

"இன்னாம்மா, அந்தப் படத்தையே அப்டி மொறச்சிப் பாத்துகினு கீற?"

மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரை அப்போதுதான் பார்த்தேன். தலை பூராவும் நரைத்துவிட்டது, ஆனால் அவர்தான். எனக்குக் கன்டினியூட்டி சொல்லிக்கொடுத்த அதே ஸ்டில் போட்டோக்காரர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"இது எங்க அக்கா சார்" என்றேன்.

ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். "அட! இத்தினி வருசமா இந்தப் பொண்ணு பேரு தெரியாம பேஜாரா இருந்துச்சிமா. டைரக்டர்கூட ஒருவாட்டி கேட்டாரு, அந்தப் புள்ள இப்ப எங்க கீதுன்னு. பேரு சொல்லு, கார்டுல போட்டுடலாம்."

"பேரெல்லாம் வேணாம் சார். இந்தப் படத்த எடுத்துடுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன், இருக்கிறதோடு இல்லாததையும் சேர்த்து. மாமனார் ஒரு மாதிரி, வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியாது, நாளைக்கு இங்கே வருகிறார்கள், பார்த்துவிட்டால் என் அக்கா வாழ்க்கையே போய்விடும், அவளை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். அழுதேன். நிஜமாகவே அழுகை வந்தது.

"சிரிக்கிற படம்மா இது. இதுல இன்னாமா தப்பு கீது?" என்றார். கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் நகத்தால் ஓரத்தை நெம்பி, சுவரிலிருந்து எடுத்தார். "நெகட்டிவ் எல்லாம் மழைல பூட்ச்சி. அந்த வருசம் என் ரூமுக்குள்ள இடுப்பளவு தண்ணி. இது ஒண்ணுதான் ஒரு ஆல்பத்துல தப்பிச்சிகினு கெடந்துச்சி. நீயே வச்சிக்கோ. என்னிக்காச்சும் அவங்க கைல குடு."

ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அப்பாடா என்றிருந்தது. அது சேத்துப்பட்டு ஸ்டேஷன் வரைக்கும்தான். டிரெயினில் ஏறியதும் திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. வீட்டில் எங்கே வைப்பது? அக்கா பெண் லீவுக்கு வந்தால் அலமாரி, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கிறவள். இருக்கிற வரைக்கும் என்றைக்காவது ஒருநாள் யார் கையிலாவது மாட்டத்தான் செய்யும். சைதாப்பேட்டை தாண்டி அடையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும், படத்தை வெளியே எடுத்து நாலாகக் கிழித்தேன். அந்த நாலையும் இன்னும் இரண்டாகக் கிழித்துக் கதவுக்கு வெளியே கையை நீட்டி விட்டேன். ஒரு துண்டு காற்றில் திரும்பி உள்ளே வந்து, கீழே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா கூடையில் விழுந்தது. "இந்தாம்மா, உன்னுது" என்று எடுத்துக் கொடுத்தாள். அதையும் வாங்கி வெளியே போட்டேன். அப்புறம்தான் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் தாம்பரம் ஸ்டேஷனில் காத்திருந்தேன். ஊரப்பாக்கத்திலிருந்து நாலு பேரும் வந்து இறங்கினார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கண்காட்சிக்கு எதற்குப் பட்டு என்று நினைத்தேன். பெரியவர் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. எட்டு வயசுப் பெண் சித்தி சித்தி என்று என் கையில் தொங்கியது. அக்காவை நான் கண்ணாலேயே தைரியம் சொல்கிற மாதிரி பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ரகசியம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மியூசியத்தில் அந்தப் பெரிய முதுகுக்கு முன்னால் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். பெப்பர்மின்ட் டப்பா இருந்த கண்ணாடிப் பெட்டி மேல் அக்கா கையை வைத்துக்கொண்டு நின்றாள். "வாக்கா, கூட்டம் வரதுக்குள்ள பாத்துட்டுப் போயிடலாம்" என்று நான் அவசரப்படுத்தினேன். அவள் நகரவில்லை. குனிந்து தன் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். குழந்தை அந்த டப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தது.

மூன்றாவது அறைக்குள் நுழைந்ததும் அத்தான் குழந்தையின் முதுகில் லேசாகத் தட்டி, "இந்த ரூம்லதான் எங்கயோ இருக்கு. நீயே கண்டுபிடி பாக்கலாம்" என்றார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. குழந்தை ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே ஓடியது. ஜன்னல் பக்கம் போய் நின்றது. அங்கே படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. கார்டை எடுக்க அவர் மறந்துவிட்டிருந்தார். குழந்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தது. "ஏரிக்கரை ஷாட் முடிந்த பின். இந்தப் பெண்ணின் பெயர் தெரியவில்லை." திரும்பி, "அம்மா, நீ எங்க?" என்று கேட்டது.

நீ எங்க என்று கேட்டது.

"டிராயிங் மாஸ்டர் இங்கதான் இருக்குன்னு சொன்னாரே" என்றார் அத்தான். பெரியவர் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். "அன்னிக்கு டீவியும் சரியா அந்த நேரத்துக்குத்தான் அணைஞ்சு போச்சு. இன்னிக்கு இங்கயும் இல்ல. நமக்குக் குடுப்பினை இல்லபோல" என்று அக்காவிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மருமகளுக்காக வருத்தப்பட்டுச் சொன்னார்.

அவ்வளவு பேருக்கும் தெரிந்திருந்தது. பின்னால் அக்கா எனக்குச் சொன்னாள், கல்யாணமான மூன்றாம் மாசம் குன்றத்தூர் மலைக்குப் போனபோது படியேறிக்கொண்டே அத்தானிடம் சொல்லிவிட்டாளாம். மேலே போய் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாளாம். அத்தான் ஒரு வருஷம் பொறுத்துத் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பெரியவர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் மறுபடி போட்டிருந்தபோது தனியாகப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "நடை நல்லாத்தான் இருக்கு" என்றாராம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "நீ நேரா அம்மாகிட்ட ஓடுவ. அம்மா தாங்க மாட்டா" என்றாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த அறையில், அந்த நேரத்தில், மூலையிலிருந்து போட்டோக்காரர் எழுந்து வந்தார். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "நீதானம்மா அது! அப்டியே கீறியே!" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். நேற்று நான் சொன்ன கதைக்கும் இந்த முகங்களுக்கும் ஒத்துவரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "உன் தங்கச்சி நேத்து வந்து வாங்கினு பூட்ச்சேம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி.

அக்கா முகம் மலர்ந்தது. நான்தான் அவளுக்காக முன்னாலேயே வந்து வாங்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள். "கழுதை, சொல்லவே இல்ல பாரு" என்று கையை நீட்டினாள். "குடு."

நீட்டின கை நீட்டினபடி இருந்தது. குழந்தையும் எட்டிப் பார்த்தது.

"கிழிச்சுப் போட்டுட்டேன்க்கா" என்றேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். "எதுக்கும்மா?" என்று பெரியவர் மட்டும் கேட்டார். உங்களுக்குப் பயந்துதான் என்று எப்படிச் சொல்வது? அத்தான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு காமிரா பார்க்கப் போய்விட்டார். போட்டோக்காரர், "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரியவர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். சுவரோடு சாய்ந்து நின்று, கார்டில் 'பெயர் தெரியவில்லை' என்பதைக் கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே அக்காவின் பெயரை எழுதினார். பக்கத்தில் ஊரப்பாக்கம் என்று எழுத ஆரம்பித்தார்.

"செம்பாக்கம்னு போடுங்க மாமா" என்றாள் அக்கா. "அப்ப நான் அங்கதான இருந்தேன்."

அதையும் அடித்து மாற்றி எழுதினார். யாரும் தடுக்கவில்லை. மேலே வெறும் சுவர், கீழே பெயர். அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

திரும்பும்போது வண்டியில் கூட்டமில்லை. பெரியவர் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டார். குழந்தை அத்தான் மடியில் தூங்கிவிட்டது. நான் கதவுகிட்டப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். சைதாப்பேட்டை தாண்டிப் பாலம் வந்தது.

"இங்கதான்" என்றேன்.

குனிந்து பார்த்தாள். கீழே கறுப்பாக ஆறு. கரையோரம் இரண்டு எருமைகள் நின்றன.

"எப்படி இருந்தேன்?" என்று கேட்டாள்.

"சிரிச்சிகிட்டு இருந்த."

"அது தெரியும். எப்படி இருந்தேன்?"

வாயைத் திறந்தேன். மூக்கு தெரிந்தது, மச்சம் தெரிந்தது, கம்மல் தெரிந்தது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களா என்று பார்த்தேனே தவிர, அவளைப் பார்க்கவில்லை. சேத்துப்பட்டிலிருந்து பாலம் வரைக்கும் பையில் வைத்திருந்தேன், ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை. கிழிக்கும்போதும் பார்க்கவில்லை. எப்படிச் சிரித்தாள், கண் சுருங்கியிருந்ததா, முடி முகத்தில் விழுந்திருந்ததா, ஒன்றும் சொல்ல வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

"நான் சரியாப் பாக்கலக்கா" என்றேன்.

கிண்டி வந்து வண்டி நின்றது, ஆட்கள் ஏறினார்கள், வண்டி கிளம்பியது.

"நான் அந்தப் போட்டோவப் பாத்ததே இல்லடி. நீயாவது பாத்திருக்கலாம்."